வீட்டு மரமும் வித்தை அறிந்த கையும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் குடுமியான்மலையைச் சுற்றியுள்ள கிராமங்களில், வாசலில் ஒரு வேம்பும் கொல்லையில் ஒரு முருங்கையும் இரண்டு தென்னையும், இடம் வாய்த்தால் ஒரு புளியோ பலாவோ இல்லாத வீட்டைக் காண்பது அரிது. சரளை கலந்த செம்மண்ணில், மழை பொய்த்த ஆண்டுகளையும் தாங்கி நின்று நிழல் தரும் அம்மரங்களைப் பாட்டன் வைத்தது, அம்மா தண்ணீர் ஊற்றியது என்று உறவு சொல்லியே நம் மக்கள் குறிப்பிடுகிறார்கள். ஆயினும், அம்மரம் நோயுற்றாலோ, கூரைமேல் சாய்ந்தாலோ, மின்கம்பியை உரசினாலோ, அந்த உறவை மறந்து, அரிவாளும் தாம்புக் கயிறும் உள்ள ஒருவரை அழைத்து, கூலியைக் குறைத்துப் பேசி, ‘எல்லாவற்றையும் கழித்துவிடு’ என்று சொல்லிவிடுகிறோம். மரத்தைப் பேணுவதும், பேண இயலாத நிலையில் அபாயமின்றி அகற்றுவதும் கற்றுத் தேற வேண்டிய ஒரு வித்தை. அவ்வித்தை அறிந்தவரைத் தேடி அழைப்பது வீட்டுக்காரரின் கடமை. அத்தகையோரை உருவாக்குவது நம் மாவட்டத்து வேளாண் நிறுவனங்களின் கடமை என்பது என் திடமான அபிப்பிராயம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையேறிய கஜா புயல் நம் மாவட்டத்தினூடே மேற்கு நோக்கிச் சென்றபோது, ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் தென்னையும் பலாவும் தோப்புத் தோப்பாக வீழ்ந்ததையும், சாய்ந்த மரங்களும் கம்பங்களும் மின்கம்பிகளை அறுத்துப் பல கிராமங்களை நெடுநாள் இருளில் ஆழ்த்தியதையும் இங்குள்ளோர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய பெருங்காற்றில் எந்த மரமும் நிலைத்து நிற்கும் என்று எவராலும் உறுதி கூற இயலாது. ஆனால் அந்த அனுபவம் நம் மனத்தில் விதைத்த அச்சம், மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் நல்ல மரங்களையும் தலைவெட்டி மொட்டையாக்கும் வழக்கத்திற்குக் காரணமாகுமானால், அது ஓர் அபாயத்தை நீக்கப்போய் வேறோர் அபாயத்தை வளர்ப்பதாகவே முடியும். மொட்டையடித்த மரம் பட்டினியால் வாடி, அவசர அவசரமாகப் புதுப்போத்துகளை விடுகிறது. அப்போத்துகள் பழைய கிளைகளைப்போல மரத்தின் உள்ளிருந்து வேரூன்றி எழாமல், பட்டையை ஒட்டி மேலாகவே பற்றியிருப்பதால், சில ஆண்டுகளில் கனத்துப் பெருத்து, முன்னிருந்த கிளைகளைக் காட்டிலும் எளிதாக முறிகின்றன. வெட்டுவாயின் வழியே நுழைந்த அழுகலோ நடுத்தண்டு வரை இறங்கிவிடுகிறது.

கிளையைக் கழிப்பதில் சாஸ்திரம் என்ன இருக்கிறது என்று கேட்போர் உண்டு. அமெரிக்க வனத்துறை விஞ்ஞானியான அலெக்ஸ் ஷைகோ என்பவர், ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கே பிளந்து ஆராய்ந்து, காயம்பட்ட மரம் அக்காயத்தை நம் உடலைப்போல ஆற்றிக்கொள்வதில்லை என்றும், கெட்ட பாகத்தைச் சுற்றி உள்ளேயே சுவரெழுப்பி ஒதுக்கிவைத்துவிட்டு அதன்மேல் புதிய மரத்தை வளர்த்துக்கொள்கிறது என்றும் 1970-களில் எடுத்துக்காட்டினார். கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றுத் தடித்துக் காணும் வளையமே அச்சுவர் எழும் இடம். தண்டோடு தண்டாக வழித்து வெட்டினால் அவ்வளையம் அழிகிறது. வெகுதூரம் தள்ளி வெட்டினால் மிஞ்சிய முண்டு காய்ந்து அழுகலுக்கு வாசலாகிறது. ஆதலால் வித்தை அறிந்தவர், முதலில் தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கிளையின் அடிப்புறத்தில் ஒரு வெட்டும், அதற்குச் சற்று வெளியே மேற்புறத்தில் ஒரு வெட்டும் இட்டுப் பாரத்தை இறக்கிவிட்டு, பட்டை கிழியாதபடி மூன்றாவது வெட்டை அவ்வளையத்தை ஒட்டி, அதற்குச் சேதமின்றி இடுவார். வெட்டிய இடத்தில் தாரையோ சாணத்தையோ பூசவும் மாட்டார், ஏனெனில் அப்பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்பதும் ஷைகோவின் ஆராய்ச்சியில் தெளிவாயிற்று.

வெட்டும் முறைக்கு முன்னதாக, வெட்டத்தான் வேண்டுமா என்று நிச்சயிக்கும் அறிவு வேண்டும். அண்மை ஆண்டுகளில் தமிழ்நாடெங்கும் வேப்பமரங்களின் நுனிக்கிளைகள் தீய்ந்ததுபோல் காய்ந்து நிற்கக் கண்டு, மரம் பட்டுவிட்டது என்று எண்ணி அடியோடு வெட்டியவர்கள் உண்டு. தேயிலைக் கொசு என்னும் பூச்சியும் ஒருவகைப் பூஞ்சையும் உண்டாக்கும் அந்நோய் கண்ட மரங்களிற் பல, பொறுத்திருந்தால் மறுபடி தளிர்த்துவிடுகின்றன. மாறாக, இலையெல்லாம் பசுமையாக இருக்கும் ஒரு மரத்தின் அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருப்பதும், சாய்வுக்கு எதிர்ப்புறத்தில் மண் வெடித்து மேலெழும்புவதும், இரு பெருங்கிளைகள் பிரியும் கவட்டில் பட்டை உள்மடங்கிப் பிளவு காண்பதும் வீழ்ச்சிக்கு முன்னறிவிப்புகள். பொந்து விழுந்த மரம் எல்லாம் விழப்போகும் மரம் என்பதும் பிழை. வெளிச்சுவர் போதிய கனத்தோடு வலுவாக இருக்குமாயின் அது நெடுங்காலம் நிற்கும். இவற்றைப் பகுத்தறிவதற்குப் பழகிய கண் வேண்டும்.

மேலும், மரத்தின் விதி பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே நிர்ணயமாகிறது. நீரையும் சத்தையும் உறிஞ்சும் வேர்களிற் பெரும்பாலானவை மேல்மண்ணில் இரண்டடிக்குள், கிளைப்பரப்பையும் தாண்டிப் படர்ந்திருக்கின்றன. சுற்றுச்சுவருக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் அஸ்திவாரம் தோண்டும்போது ஒருபுறத்து வேரை முழுவதும் அறுத்துவிட்டு, மறுபுறத்தில் வாசல்வரை சிமெண்டுத் தளம் போட்டுவிட்டு, அடுத்த மழையில் மரம் சாய்ந்தால் மரத்தின்மேல் பழி போடுவது நியாயமாகாது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்திற்குள் போடப்பட்ட சிமெண்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லி நகரத்திற்கு உத்தரவிட்டது இக்காரணம் பற்றியே. 2022 ஜூன் மாதத்தில் சென்னை கே.கே. நகரில் சாலையோர மரம் ஒன்று கார்மீது சாய்ந்து வங்கி அதிகாரி ஒருவர் உயிரிழந்தபோது, அருகில் நடந்த வடிகால் பணிக்கும் அவ்வீழ்ச்சிக்கும் தொடர்பு உண்டா என்ற விவாதம் எழுந்தது. அதன் முடிவு எதுவாயினும், மரத்தின் அருகே மண்வெட்டி விழுமுன் மரம் அறிந்த ஒருவரின் யோசனை கேட்கப்பட வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை.

அகற்றியே தீரவேண்டிய மரத்தின் விஷயத்திலோ பொறுப்பு பன்மடங்காகிறது. ஓட்டு வீட்டுக்கும் மின்கம்பிக்கும் நடுவே நிற்கும் முதிர்ந்த மரத்தை ஒரே வெட்டில் சாய்க்க முடியாது. மின்வாரியத்திற்கு முன்னரே எழுதி மின்சாரத்தை நிறுத்தச் செய்து, உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் வடத்தில் கட்டி மெல்ல இறக்க வேண்டும். இடுப்பில் பாதுகாப்புக் கயிறும் தலையில் கவசமும் இன்றி, ஒரு கையில் கிளையையும் மறு கையில் மின்ரம்பத்தையும் பிடித்துக்கொண்டு நம் வீட்டு மரத்தில் ஏறி நிற்கும் தொழிலாளி, தம் உயிரையே நம்மிடம் பணயம் வைக்கிறார். அவர் துணிச்சலையும் மரத்தை அறிந்த கைப்பழக்கத்தையும் நான் மதிக்கிறேன். அவருக்குக் கருவியும் பயிற்சியும் காப்பீடும் அளிக்காமல் விட்ட சமூகத்தின்மீதே என் குறை.

மரத்திற்கு வைத்தியம் என்பது நமக்குப் புதிதன்று. வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் விருட்சாயுர்வேதத்திற்கென ஓர் அத்தியாயமே உண்டு. சுரபாலர் இயற்றிய விருட்சாயுர்வேதம் மரங்களின் நோய்களை வாதம், பித்தம், கபம் என்று பகுத்துச் சிகிச்சை கூறுகிறது. நம் காலத்திலும் சென்னையில் ‘நிழல்’ என்னும் அமைப்பு நகரத்து மரங்களைப் பேணும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறது. 2019 மே மாதத்தில் மரங்களுக்கான ஆம்புலன்ஸ் ஒன்றும் அந்நகரில் தொடங்கிவைக்கப்பட்டது. நம் மாவட்டத்து இளைஞர் பலர் பிழைப்புத் தேடிச் செல்லும் சிங்கப்பூரில், பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை அனுமதியின்றி வெட்ட முடியாது. மரங்களைச் சோதிக்கத் தேர்ச்சி பெற்ற மரநிபுணர்கள் இருக்கிறார்கள். அங்கும் 2017-இல் தாவரவியல் பூங்காவின் 270 ஆண்டு கடந்த தெம்புசு மரம் சரிந்து ஓர் உயிர் போயிற்று என்பது, சோதனையால் அபாயம் முற்றும் ஒழிந்துவிடாது என்பதைக் காட்டுகிறது. ஒழியாவிடினும் குறையும் என்பதால்தான் அந்நாடு சோதனையைக் கைவிடவில்லை.

நம் நாட்டிலும் மரத்தை வெட்டுமுன் சட்டம் அறிந்தவரின் துணை தேவைப்படுகிறது. பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021-இன் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே தமிழ்நாடு அரசு அறிவித்தது. சந்தனம் சொந்த நிலத்தில் வளர்ந்தாலும் வனத்துறையின் விதிகளுக்கு உட்பட்டது.

செலவாகுமே என்ற ஆட்சேபம் உண்மையானது. அதை நான் அலட்சியம் செய்யவில்லை. இன்று நம் பக்கத்தில் தேர்ச்சி பெற்ற மரநிபுணரைத் தேடிக் கண்டுபிடிப்பதே சிரமம். ஆயினும் வழி ஒன்று ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. தென்னை ஏறுவோர் அருகிவந்த காலத்தில், தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, இளைஞர்களுக்குக் கருவியோடு ஏறும் பயிற்சியும், பயிர்ப் பாதுகாப்பு அறிவும், விபத்துக் காப்பீடும் அளித்தது. தென்னைக்குச் செய்ததை வேம்புக்கும் புளிக்கும் பலாவுக்கும் செய்யத் தடை என்ன? குடுமியான்மலையில் அண்ணா பண்ணை இருக்கிறது. 2014 முதல் வேளாண்மைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இயங்குகின்றன. வம்பனில் வேளாண் அறிவியல் நிலையம் உண்டு. ஏற்கெனவே மரம் ஏறிப் பிழைக்கும் நம் ஊர்த் தொழிலாளர்களை ஒன்றுகூட்டி, கவாத்து முறையையும், நோய் அறியும் முறையையும், வடமும் கவசமும் கையாளும் முறையையும் கற்பித்து, சான்றிதழும் காப்பீடும் வழங்கி, அவர்கள் பெயர்ப்பட்டியலை ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் வைக்கும் பொறுப்பை இந்நிறுவனங்கள் ஏற்குமானால், வீட்டுக்காரருக்குத் தாங்கத்தக்க செலவில் தகுதியுள்ள கை கிடைக்கும். தொழிலாளிக்கும் கௌரவமான பிழைப்பு கிடைக்கும்.

அதுவரை வீட்டுக்காரர்கள் காத்திருக்க வேண்டுவதில்லை. மரத்தில் கை வைக்குமுன் வேளாண் அதிகாரி ஒருவரையேனும் அழைத்துக் காட்டுங்கள்; ஏறுபவரிடம் பாதுகாப்புக் கயிறு இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையெனில் ஏற விடாதீர்கள்; மின்வாரியத்திற்குச் சொல்லாமல் கம்பியருகே வேலை தொடங்காதீர்கள்; ‘மொட்டையடித்துவிடு’ என்ற சொல்லை இனி எவரிடமும் சொல்லாதீர்கள்; பிழையற்ற வேலைக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாகவே முதல் பயிற்சி வகுப்பு குடுமியான்மலையில் தொடங்கப்பட வேண்டும் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தையும் மாவட்ட நிர்வாகத்தையும் கேட்டுக்கொள்கிறேன்.