லேத் பட்டறையை மறக்கலாமா?

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் சாலையோரத்தில் லேத் பட்டறைகளின் சத்தம் கேட்கும். ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர், பம்ப்செட்டின் புஷ், லாரியின் அச்சு என எது தேய்ந்தாலும் கடைசலுக்கு அங்கேதான் வருகிறது. களியக்காவிளைக்கு அப்பாலிருந்து அன்றாடம் பஸ் ஏறி வந்து பாடுபடும் தமிழர்களும் இப்பட்டறைகளில் உண்டு.

இத்தகைய தாய் இயந்திரங்களை நாமே செய்ய வேண்டும் என்ற நோக்கத்துடன் 1953-இல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் கம்பெனியின் உதவியோடு பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவப்பட்டது. 1964-இல் களமசேரிக்கும் ஓர் ஆலை கிடைத்தது. 1991-க்குப் பின் இறக்குமதி எளிதாயிற்று, எச்.எம்.டி. நலிந்தது. கோவையிலும் பெங்களூரிலும் தனியார் முன்னேறியது உண்மையே. ஆயினும் நாட்டுக்குத் தேவையான தாய் இயந்திரங்களில் ஏறத்தாழப் பாதி இன்னும் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. கணினி லேத்தின் மூளையான கட்டுப்பாட்டுப் பெட்டியும் பெரும்பாலும் ஜப்பான், ஜெர்மனிச் சரக்கே.

இக்குறையைப் போக்க 2022 ஜனவரியில் மத்திய அரசு 1,207 கோடி ரூபாயில் மூலதனப் பொருள் தொழிலுக்கான இரண்டாம் கட்டத் திட்டத்தை அறிவித்தது. இதில் அரசின் பங்கு 975 கோடி, மீதி தொழிலதிபர்களுடையது. ஆராய்ச்சி மையங்கள், சோதனைக் கூடங்கள், பொது வசதி மையங்கள் ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கியது வரவேற்கத்தக்கதே. ஆனால் பயிற்சிக்கான பகுதியோ, திறன் வரிசையில் ஆறாம் நிலைக்கும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானது. தனுவச்சபுரம் அரசு ஐ.டி.ஐ.யில் படித்து வெளிவரும் பிள்ளைகள் அதற்குக் கீழ்ப்படியில் நிற்பவர்கள். லேத்தில் கை வைக்கப் போகிறவர்கள் அவர்கள்தாமே!

இயந்திரத்தை வாங்குகிறவனுக்கும் இத்திட்டத்தில் இடமில்லை. உள்நாட்டுச் சரக்குக்கு முன்னுரிமை தரும் 2017-ஆம் ஆண்டு ஆணையும் அரசுக் கொள்முதலோடு நின்றுவிடுகிறது. சிறு பட்டறைக்காரர் கணினி லேத்துக்குப் பல லட்சம் புரட்ட வேண்டும். வட்டிக்கு அஞ்சி, பழைய இயந்திரத்தையே மீண்டும் மீண்டும் பழுது பார்க்கிறார். வாங்க ஆளில்லாத சரக்கை எத்தனை ஆராய்ச்சி மையம் வைத்துச் செய்து என்ன பயன்?

ஜப்பான் 1956-இல் (இங்கே எல்லைக்கோடு கிழிக்கப்பட்ட அதே ஆண்டு) இயந்திரத் தொழில் வளர்ச்சிக்கென ஒரு சட்டம் இயற்றி, பழைய இயந்திரங்களை மாற்றக் குறைந்த வட்டியில் நீண்ட காலக் கடன் கிடைக்கச் செய்தது. அந்நாட்டுத் தாய் இயந்திரங்கள் பின்னர் உலகச் சந்தையைப் பிடித்ததில் இதற்கும் பங்குண்டு.

இந்திய லேத் வாங்கும் சிறு பட்டறைகளுக்கு அத்தகைய கடனை மத்திய அரசு ஏற்படுத்த வேண்டும். கேரள நிதிக் கழகத்தின் வழியே அதை வழங்கலாம். எல்லைப் பகுதியில் விண்ணப்பப் படிவம் தமிழிலும் இருக்கட்டும். தனுவச்சபுரம் போன்ற ஐ.டி.ஐ.களுக்கு உள்நாட்டுக் கணினி லேத் வாங்கித்தர இரு மாநில அரசுகளும் மத்திய அரசைக் கேட்க வேண்டும். அடுத்த பட்ஜெட்டிலேயே இதற்குத் தொகை ஒதுக்கலாம்.