வாயில் வைக்கும் மரம்

(இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

குழலுக்கும் யாழுக்கும் முழவுக்கும் நம் இலக்கியத்தில் இடம் உண்டு. திருவிழாக் கடையில் குழந்தை அழுது அடம்பிடித்து வாங்கும் மர ஊதலைப் பற்றி மட்டும் யாரும் பெரிதாக எழுதியதாகத் தெரியவில்லை. நான் எழுதப் போகிறேன் என்றதும் விடுதி நண்பர் சிரித்தார். "ஆண்டு மலருக்கு வேறு பொருளே அகப்படவில்லையா?" என்றார். ஊதல் செய்கிற குடும்பத்தில் பிறந்தவன் வேறு எதை எழுதுவான்?

எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கம். மரச் செப்புச் சாமான்களுக்குப் பெயர் போன வட்டாரம். என் தாத்தா கடைசல் பட்டறையிலேயே தலை நரைத்தவர். செப்புக்குக் கடைந்தது போக மிஞ்சிய துண்டுகளில் ஊதல் செய்வார். விற்பதற்கு என்பதைவிடப் பட்டறை வாசலில் வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு என்று சொல்வதே பொருந்தும்.

ஊதலின் அமைப்பு எளிது. விரல் பருமனுள்ள உருளையைக் கடைந்து, ஒரு முனை மூடியிருக்கும்படி உள்ளே துளையிடுவார். திறந்த முனையில் ஒரு தக்கையைச் செருகுவார்; அதன் மேற்புறம் மட்டும் சிறிது சீவப்பட்டிருக்கும். அந்த இடுக்கின் வழியே மூச்சு ஒரு மெல்லிய தகடுபோல் சென்று, எதிரே வெட்டிய வாயின் கூரிய விளிம்பில் மோதி, உள்ளும் புறமுமாக ஊசலாடுகிறது. உள்ளிருக்கும் காற்று அதிர்கிறது. ஒரு முனை மூடிய நான்கு செ.மீ. குழலுக்கு நம் பாடநூல் கணக்கைப் போட்டால் நொடிக்கு ஏறக்குறைய 2,100 அதிர்வுகள் வரும். (முனைத் திருத்தம் சேர்த்தால் சற்றுக் குறையும், பேராசிரியர் கோபிக்க வேண்டாம்.) மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 வரையில்தான். தேர்க் கூட்டத்து இரைச்சலிலும் விரல் நீள ஊதல் தனித்துக் கேட்பது இதனால்தான்.

இங்கேதான் எனக்கும் தாத்தாவுக்கும் வழக்கு. நல்ல மரம் என்றால் நல்ல ஓசை என்பது அவர் கட்சி. அதிர்வது காற்று, சுவர் தடிப்பாகவும் உட்புறம் வழவழப்பாகவும் இருந்துவிட்டால், அது மரமா, பித்தளையா, பிளாஸ்டிக்கா என்பது ஓசையை மிகச் சிறிதே மாற்றும் என்பது என் கட்சி. அப்படியானால் மரத்தைத் தேர்ந்தெடுப்பது வீண் வேலையா? அல்லவே அல்ல. தாத்தா சொன்ன காரணம் தவறு. எடுத்த மரம் சரி.

மஞ்சள் கடம்பை அவர் விரும்புவார். நெருக்கமான இழை, உளி பட்ட இடத்தில் விளிம்பு பிசிறாமல் நிற்கும். கல்யாண முருங்கையை உளிக்கு இதம் என்று நான் ஒருமுறை எடுத்துக் கொடுத்தேன். அவர் திருப்பியே தந்துவிட்டார். பஞ்சு போன்ற மரம். எச்சிலைக் குடித்து ஊறிப்போகும். இரண்டு நாளில் விளிம்பு மழுங்கி வெறும் மூச்சுதான் வரும். மூங்கிலில் கணுவே ஒரு முனையை அடைத்துத் தருவதால் வேலை பாதி மிச்சம். ஆனால் அதன் மாவுச்சத்துக்கு வண்டு வரும். வெட்டிய மூங்கிலை நீரில் சில வாரம் ஊறப்போட்டு உலர்த்தினால்தான் தப்பும்.

நிற்க. நான் சொல்ல வந்தது இவற்றையெல்லாம் விடப் பெரிது. ஏழாம் வகுப்பில் படித்தபோது, நடத்துநரின் விசிலுக்குள் ஓர் உருண்டை ஓடுவதையும், அதனால் ஓசை நடுங்குவதையும் கண்டுபிடித்தேன். நம் ஊதலிலும் அப்படிச் செய்தால் என்ன? வேலியோரம் குன்றிமணி கொட்டிக் கிடந்தது. துளைக்குள் நுழையவில்லை என்று கத்தியால் சுரண்டிச் சிறிதாக்கி உள்ளே போட்டேன். ஓசை அற்புதம்! தங்கையிடம் கொடுத்தேன். அவள் ஊதிக்கொண்டே பட்டறைக்குள் போனாள். தாத்தா அதை வாங்கித் தட்டிப் பார்த்தார். மணி உள்ளங்கையில் விழுந்ததும் அவர் முகம் மாறிய விதத்தை இன்றும் மறக்கவில்லை. அவள் வாயைப் பலமுறை கொப்பளிக்க வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏலே, இது யாரு வாய்க்குப் போவுதுன்னு நெனச்சுப் பாத்தியாலே?" என்றார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

பொற்கொல்லர் தங்கம் நிறுத்த அதே மணிதான். தோல் உடையாதவரை அவ்வளவாகத் தீங்கில்லை. உடைந்தால் உள்ளிருப்பது உயிரைக் கொல்லும் நஞ்சு. நான் கத்தியால் செய்தது அந்தத் தோலை உடைத்ததுதான். அரளிக் குச்சியும் அப்படியே. நேராக, வழவழப்பாக, வீட்டு வாசலிலேயே கிடைக்கும். ஊதல் செய்யத் தெரியாதவன் முதலில் அதைத்தான் ஒடிப்பான். வேர் முதல் பூ வரை நஞ்சு.

வண்ணமும் இதில் சேர்ந்ததே. கடைசலில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் சூட்டில் அது உருகிப் பரவும். தாழை ஓலையால் தேய்த்தால் பளபளக்கும். மாத்திரைகளுக்கு மேற்பூச்சாகும் அதே அரக்குதான். அதில் கலக்கும் நிறம் எது என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். இன்று வியாபாரிகள் கேட்பதோ எனாமல் மினுமினுப்பு. 2016ஆம் ஆண்டு விதிகள் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைப் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தின. தொழிற்சாலைச் சாமான்களுக்கான பெயிண்டு அந்த விதிக்குள் வராது. பட்டறையில் இருக்கும் டப்பா எந்த வகை என்று யார் பார்க்கிறார்கள்? பிறரைக் குறை சொல்வானேன்! சென்ற ஆண்டு நம் கைவினைக் கடையில் விற்ற ஊதல்களுக்கு, இரும்புக் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டைப் பூசியவர்களில் நானும் ஒருவன். நிறம் இருந்தால்தான் விற்கும் என்றார்கள். விற்றது.

2021 சனவரி முதல் பொம்மைகளுக்குத் தர முத்திரை கட்டாயம். பதிவு செய்துகொண்ட கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. இந்த விலக்கு நியாயமானது. தாத்தாவைப் போன்றவர் சோதனைக் கட்டணம் கட்டினால் பட்டறையை மூட வேண்டியதுதான். ஆனால் விலக்குக் கிடைத்த இடத்தில் குழந்தைக்குக் காவல் எது? எந்த மரம் வாய்க்கு ஆகும், எது ஆகாது என்று செய்பவனுக்குத் தெரிந்திருப்பது ஒன்றே காவல். அந்த அறிவு தாத்தாவின் தலையில் இருக்கிறது, தாளில் இல்லை. கைத்தொழிலைக் காப்போம் என்று நாம் மேடை போட்டுப் பேசுகிறோம். அத்தொழிலிலுள்ள அறிவை எழுதி வைக்க ஒரு குறிப்பேடு வாங்கினோமா? தாவரவியல் துறையும் வேதியியல் துறையும் அடுத்தடுத்த கட்டடங்களில் இருக்கும் கல்லூரிக்கு இது பெரிய வேலையா?

சென்ற விடுமுறையில் தாத்தா சொல்லச் சொல்லப் பதினொரு மரங்களின் பெயரை எழுதிக்கொண்டேன். ஆகும் என்றவை ஏழு. ஆகாது என்றவை நான்கு. துண்டுகளைத் தாவரவியல் துறையில் ஒப்படைத்திருக்கிறேன். ஒன்பதுக்குப் பெயர் பொருந்திவிட்டது. மற்ற இரண்டும் அவர் ஊர்ப்பெயராகச் சொன்னவை. இலையும் பூவும் இல்லாமல் உறுதி சொல்ல முடியாது என்கிறார் பேராசிரியர். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கொண்டுவர வேண்டும்.