சங்கம் அவர்களுடையது, முடிவும் அவர்களுடையதே!



கார்த் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் சங்கம் வைத்தால் என்ன, வைக்காவிட்டால் என்ன, மளிகைக் கடைக்காரருக்கு அதில் என்ன வேலை என்று நம்மில் சிலர் கேட்கலாம். ஆலை வாசலில் கடை வைத்திருப்பவர் அப்படிக் கேட்க மாட்டார். ஆலையில் சம்பளம் போட்ட அன்றுதான் அவருடைய கடன் நோட்டில் பாக்கி குறைகிறது. வேலைநிறுத்தம் என்றால் முதல் அடி அவருடைய கல்லாவுக்குத்தான். தொழிலாளிக்கு நல்ல சம்பளம் வேண்டும், ஆலையும் ஓட வேண்டும் என்ற இரண்டு கவலையும் நமக்கு உண்டு. இந்தக் கவலையைத்தான் அரசியல்வாதிகள் தங்கள் ஆதாயத்துக்குக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள்.

இது எப்படி நடக்கிறது என்று பார்க்க அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள சாட்டனூகா நகரை எடுத்துக்கொள்வோம். அங்கே ஃபோக்ஸ்வேகன் கம்பெனியின் கார் ஆலை 2011-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆலையைக் கொண்டுவர மாநில அரசும் உள்ளூர் நிர்வாகமும் 50 கோடி டாலருக்கும் அதிகமான சலுகைகளை அளித்தன. அந்நாட்டுச் சட்டப்படி ஓர் ஆலையில் சங்கம் வேண்டுமா என்பதைத் தொழிலாளர்களே ரகசிய வாக்கெடுப்பில் முடிவு செய்யலாம். மத்திய அரசின் தொழிலுறவு வாரியம் அதை நடத்தும். பாதிக்கு மேல் வாக்கு விழுந்தால், நிர்வாகம் அந்தச் சங்கத்துடன் பேசியாக வேண்டும்.

2014 பிப்ரவரியில் யு.ஏ.டபிள்யூ. என்ற மோட்டார் தொழிலாளர் சங்கத்துக்காக அங்கே வாக்கெடுப்பு நடந்தது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், நிர்வாகம் நடுநிலையாக இருந்தது என்பதுதான். ஜெர்மனியில் தொழிலாளர் பிரதிநிதிகளோடு கலந்து பேசித் தொழில் நடத்திப் பழகிய கம்பெனி அது. முதலாளியே சும்மா இருக்க, எதிர்த்துக் கிளம்பியவர்கள் அரசியல்வாதிகள்! சங்கம் வந்தால் இனிச் சலுகைகளுக்குச் சட்டமன்றத்தில் ஒப்புதல் கிடைப்பது கடினம் என்று மாநில சட்டமன்றத் தலைவர்கள் எச்சரித்தனர். வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்தபோதே செனட்டர் பாப் கார்க்கர், சங்கம் தோற்றால் புதிய கார் தயாரிப்பு இந்த ஆலைக்கு வரும் என்று தமக்கு உறுதி கிடைத்திருப்பதாக அறிவித்தார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று ஆலையின் தலைவர் மறுத்தும் பயனில்லை. சங்கத்துக்கு 626 வாக்குகள் கிடைத்தன, எதிராக 712 விழுந்தன.

சில வாரங்களில் ஒரு ரகசிய ஆவணம் வெளியே வந்தது. ஆலை விரிவாக்கத்துக்கு 30 கோடி டாலர் அளவுக்குச் சலுகை தர முன்வந்த மாநில அரசு, ஆலையில் தொழிலாளர் குழு அமைப்பது பற்றிய பேச்சுகள் தனக்குத் திருப்தியாக முடிய வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தது. மக்களின் வரிப்பணத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் தொழிலாளியின் வாக்குச்சீட்டைத் தொட்டுப் பார்த்தார்கள் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

வணிகர்களாகிய நமக்கு உறைக்க வேண்டிய பகுதி இனிமேல்தான். சங்கத்துக்கு எதிரான அந்தப் பிரசாரத்துக்கு உள்ளூர் வியாபார நிறுவனங்களின் பணமும் போயிற்று. ஊரின் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயத்தில் அவர்கள் கொடுத்திருக்கலாம். நமக்கும் அந்தப் பயம் புரிகிறது. ஆனால் பயத்தைக் கிளப்பியவர்களுக்குக் கிடைத்தது அரசியல் லாபம். கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது, தங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேரின் மனக்கசப்பு. 712-க்கும் 626-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். கடைக்கு வரும் இரண்டு பேரில் ஏறக்குறைய ஒருவர் சங்கம் வேண்டும் என்றவர்! பருப்பு வாங்க வருபவரிடம் நீ எந்தப் பக்கம் என்று கேட்டு எந்த வியாபாரியாவது பிழைத்ததுண்டா?

2019-இல் மீண்டும் வாக்கெடுப்பு நடந்தது. அதற்கு முன் மாநில ஆளுநர் பில் லீ ஆலைக்குள்ளேயே வந்து தொழிலாளர்களிடம் பேசினார். அங்கே ஆளுநர் என்றால் நம் முதலமைச்சரைப் போல மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சித் தலைவர். அந்த முறையும் சங்கம் 776-க்கு 833 என்று தோற்றது. 2024 ஏப்ரலில் மூன்றாம் முறை. டென்னசி உள்பட ஆறு தென் மாநிலங்களின் ஆளுநர்கள் கூட்டறிக்கை விட்டு எச்சரித்தார்கள். இம்முறை பூச்சாண்டி பலிக்கவில்லை. 2,628 பேர் சங்கத்துக்கு வாக்களித்தனர், 985 பேர் எதிர்த்தனர். முந்தைய ஆண்டு டெட்ராய்ட்டின் மூன்று பெரிய கம்பெனிகளில் வேலைநிறுத்தம் செய்து அதே சங்கம் 25 சதவீத ஊதிய உயர்வு வாங்கிக் கொடுத்ததைத் தொழிலாளர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

அரசியல் கை ஒரு பக்கம் மட்டும் நீளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த 2023 வேலைநிறுத்தத்தில் ஜனாதிபதி பைடன் மிச்சிகனில் மறியல் செய்தவர்களோடு போய் நின்றார். சில மாதங்களில் அச்சங்கம் தேர்தலில் அவருக்கு ஆதரவு அறிவித்தது. எல்லாத் தோல்விக்கும் அரசியல்வாதிதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. யு.ஏ.டபிள்யூ. சங்கத்தின் முன்னாள் தலைவர்கள் இருவர் சங்கப் பணத்தில் கை வைத்து நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். அப்படிப்பட்ட சங்கத்தை ஒரு தொழிலாளி நம்ப மறுத்தால் அது அவருடைய நியாயம். 2024 மே மாதம் அலபாமா மாநிலத்து மெர்சிடிஸ் ஆலையில் 2,045-க்கு 2,642 என்று சங்கம் தோற்றது. வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் அவரவர் உரிமை. அதில் ஆட்சியின் மிரட்டலோ ஆட்சியின் ஆசைகாட்டலோ கலக்கக் கூடாது என்பதே நம் கருத்து.

நம் ஊர் நிலவரம் வேறு. இங்கே பெரும்பாலான தொழிற்சங்க மையங்கள் ஏதாவதொரு கட்சியைச் சார்ந்தே வளர்ந்தவை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரங்களில் எந்தக் கொடி பறக்கிறது என்பதைப் பார்த்தே ஒரு சங்கத்தை எடை போடுகிறார்கள். சங்கம் வந்தால் ஆலை ஓடிவிடும் என்ற பேச்சும் நமக்குப் புதிதல்ல. ஆனால் ஃபோர்டு கம்பெனி 2021-இல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது சொன்ன காரணம், பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கும் மேல் ஏற்பட்ட நஷ்டம். மறுஆண்டு மறைமலைநகர் ஆலையில் உற்பத்தி நின்றது. ஆலை நிற்பதும் ஓடுவதும் பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில் முடிவாகிறது. கணக்குப் பார்த்தே பிழைக்கும் நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்றையும் நினைவூட்ட விரும்புகிறோம். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, மில் தொழிலாளர் படும் பாட்டைப் பார்த்து அதற்கு அடி எடுத்துக் கொடுத்தவர்களில் ஒருவர் செல்வபதி செட்டியார். அவர் ஒரு வியாபாரி! தொழிலாளியின் எதிரியாக வணிகன் இருந்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆகவே நம் வணிகர்களுக்கு நாம் சொல்வது இதுதான். ஆலைத் தொழிலாளர் சங்கத்துக்கு ஆதரவாகவோ எதிராகவோ வரும் எந்த நோட்டீசிலும் நம் சங்கத்தின் பெயரைப் போட அனுமதிக்காதீர்கள். எந்தக் கட்சிக்காரர் வந்து கேட்டாலும் சரி, அதற்கென்று நன்கொடை தராதீர்கள். ஆலைகளுக்கு அரசு தரும் சலுகை நம் வரிப்பணமும் சேர்ந்ததுதான். எத்தனை பேருக்கு வேலை, என்ன சம்பளம் என்று கேட்டு அந்தச் சலுகையைத் தரட்டும். எந்தச் சங்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுத் தரக் கூடாது. வேலைநிறுத்தம் வந்தால், இரு தரப்பும் உட்கார்ந்து பேசி சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று இரு தரப்புக்கும் ஒரே குரலில் எழுதுவோம். அது நம் உரிமை, நம் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது.

ஏன் இத்தனை கண்டிப்பு என்றால், நாமும் சங்கம் வைத்திருப்பவர்கள். வரி அதிகாரியிடம், மாநகராட்சியிடம், மொத்தக் கொள்முதல் கம்பெனியிடம் தனி ஆளாகப் போனால் என்ன மரியாதை கிடைக்கும் என்பது நமக்குத் தெரியும். அந்தச் சங்கத்தில் சேர்ந்தால் சலுகை போய்விடும் என்று இன்று தொழிலாளியிடம் சொல்லத் துணிகிறவர், நாளை இந்தச் சங்கத்தில் இருந்தால் லைசென்ஸ் போய்விடும் என்று நம்மிடம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுகிற கதையை நாம் கேட்டு வளர்ந்தவர்கள். ஊர் வியாபாரம் கெட்டுவிடுமே என்று ஓர் அரசியல்வாதி நம் கடை வாசலில் நின்று கண்ணைக் கசக்கினால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வையுங்கள். கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.