ஒப்பமிடுமுன் படித்தோமா?

எழுதுவோர் பெருகிவிட்ட காலம் இது. கவிதை எழுதுவோர் பெருகினர். கட்டுரை எழுதுவோர் பெருகினர். கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரோ எண்ணிலடங்கார். ஆனால் பிறர் எழுதியதை வரிவரியாகப் படித்து, "இங்கே பிழை இருக்கிறது, நண்பா" என்று அன்போடும் துணிவோடும் எடுத்துச் சொல்வோர் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணிவிடலாம். மாணவராகிய நம்மிடம் இக்குறை மிகுதியாக உண்டு என்பது என் கருத்து. அதனைக் கணிப்பொறித் துறையின் ஒரு மூலையிலிருந்து, அதாவது இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலுக்கு எழுதப்படும் டிரைவர் நிரல்களிலிருந்து, எடுத்துக்காட்ட விழைகிறேன். பிற துறை நண்பர்கள் "இது நமக்கில்லை" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பிழை எல்லாத் துறைக்கும் பொது.

நாம் அன்றாடம் பயன்படுத்தும் செயலிகள் தனித்தனி அறைகளில் குடியிருப்பவை போன்றவை. ஓர் அறையில் விளக்கு அணைந்தால் அந்த அறை மட்டுமே இருளும். கெர்னல் அப்படியன்று. அது வீட்டின் அடித்தளம். நினைவகத்தைப் பங்கிடுவதும், பிராசசரின் நேரத்தை முறைவைத்துக் கொடுப்பதும் அதன் வேலை. விசைப்பலகை, வட்டு, வலை அட்டை, உணர்கருவி ஆகிய ஒவ்வொன்றோடும் அதனதன் மொழியில் பேசத் தெரிந்த நிரல்தான் டிரைவர். பெரும்பாலும் அது அந்த அடித்தளத்திலேயே, எல்லா அதிகாரத்தோடும் இயங்குகிறது. செயலியில் பிழை வந்தால் செயலி விழும். டிரைவரில் பிழை வந்தால் வீடே விழும்.

லினக்ஸ் கெர்னலின் நிரல் வரிகளில் பாதிக்குமேல் டிரைவர்களே. 2001-ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தார் கெர்னலின் பிழைகளை ஆராய்ந்தபோது, டிரைவர்களில் பிழை விகிதம் மற்றப் பகுதிகளைப்போல் மூன்று முதல் ஏழு மடங்கு வரை இருக்கக் கண்டனர். ஏன் அவ்வாறு? எண்ணிப் பார்த்தால் ஒரு காரணம் தெளிவாகும். கெர்னலின் நடுப்பகுதியை எல்லோரும் பயன்படுத்துகின்றனர். ஆகவே பலர் படிக்கின்றனர். ஒரு கருவியின் டிரைவரையோ, அந்தக் கருவியை வைத்திருப்பவர்தாம் படிப்பார். அவரும் படிப்பது அரிது. படிப்பார் இல்லாத இடத்தில் பிழை குடியேறுகிறது.

அதன் விளைவை உலகம் 2024 ஜூலை 19 அன்று கண்டது. கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் விண்டோஸ் கெர்னலுக்குள் ஒரு டிரைவராக இயங்கி வந்தது. அன்று அதற்கு ஒரு புதிய தரவுக் கோப்பு அனுப்பப்பட்டது. ஓரிடத்தில் 21 புலங்கள் என வரையறுத்திருந்தார்கள். நிரல் கொடுத்ததோ 20 மதிப்புகள். இருபத்தோராவதைத் தேடிய டிரைவர் தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தைப் படிக்க முயன்றது. அவ்வளவுதான்! ஏறத்தாழ 85 லட்சம் கணிப்பொறிகள் நீலத் திரை காட்டி நின்றன. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின, நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய பயணச் சீட்டோடு மக்கள் விமானம் ஏறினர். கோப்பை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆயினும் விழுந்த கணிப்பொறிகளை எழுப்ப நாட்கள் பல ஆயின. "இந்தப் பட்டியலில் எத்தனை இருக்கும் என்று எண்ணிவிட்டுத்தானே படிக்கிறாய்?" என்று ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அந்த ஒரு கேள்விக்குத்தான் எவ்வளவு விலை!

இது எங்கோ நடந்த பெரிய கதை. இனி என் சிறிய கதையையும் சொல்லிவிடுகிறேன். பிறர் பிழையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

நான் குடியிருப்பது பத்துபஸ்தியில், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேர் நகரத்தில். கடல்நீரின் வெப்பத்தை அளந்து பதியும் சிறு கருவி ஒன்றை நண்பன் ஒருவனும் நானும் அமைத்தோம். உள்ளங்கை அளவுள்ள ஒரு கணிப்பொறி; அதனோடு கம்பியால் பிணைத்த ஓர் உணர்கருவி. டிரைவரை நண்பன் எழுதினான். முந்நூறு வரிக்கு மேலிராது. ஓர் இரவு அதைக் கொண்டுவந்து, "கொஞ்சம் பார்த்துச் சொல்லுடா" என்றான். முதல் பக்கத்தைப் பார்த்தேன். எழுத்து அழகாக இருந்தது; ஆளும் நல்லவன்; நேரமும் பதினொன்றைத் தாண்டிவிட்டது. "நன்றாக இருக்கிறதுடா" என்றேன். எங்கள் அறிக்கையில் "சரிபார்த்தவர்" என்ற இடத்தில் என் பெயரை எழுதிக்கொண்டான். நானும் மகிழ்ந்தேன்.

அந்த டிரைவர் செய்தது இதுதான். உணர்கருவியை ஒரே நேரத்தில் இருவர் தொடாதபடி முதலில் ஒரு பூட்டுப் போடும், அளவைப் படிக்கும், பிறகு பூட்டைத் திறக்கும். உணர்கருவி பதில் சொல்லாவிட்டால் "பிழை" என்று சொல்லி உடனே திரும்பிவிடும். பூட்டைத் திறக்காமலே திரும்பிவிடும்! உணர்கருவி பதில் சொல்லிக்கொண்டிருந்த வரையில் குற்றம் வெளிப்படவில்லை. ஒருநாள் மின்சாரம் ஒரு நொடி போய் வந்தது. கணிப்பொறி மின்கலத்தின் துணையால் தாங்கிக்கொண்டது, உணர்கருவி தாங்கவில்லை, ஒருமுறை பதில் தவறியது. பூட்டு விழுந்தது, திறப்பார் இல்லை. அதன்பின் அளவு கேட்டு வந்த ஒவ்வொரு கட்டளையும் பூட்டிய கதவின் முன் காத்து நின்றது. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. ஒன்பது நாள் கழித்துத்தான் கண்டுகொண்டோம். ஒன்பது நாளைய கடலின் வெப்பம் ஏட்டில் இல்லை. இனி எவராலும் அளக்கவும் முடியாது.

பிழை அவனுடையது; அது ஒரு வரி. பொய் என்னுடையது, அது ஒரு பெயர். இரண்டில் எது பெரிது என்று கேட்டால், இரண்டாவதே என்பேன். எழுதுபவன் தவறுவது இயல்பு. தவறுவான் என்பதற்காகத்தானே இன்னொருவரை வைத்திருக்கிறோம்?

அப்படியானால் படிப்பவர் எதைப் பார்க்க வேண்டும்? அன்றுமுதல் நான் கற்றுக்கொண்டவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். முதலாவது, வெளியிலிருந்து வரும் எதையும் டிரைவர் நம்பலாகாது. செயலி கொடுக்கும் நீளம் உண்மையான நீளம்தானா? கருவி அனுப்பும் எண் எல்லைக்குள் இருக்கிறதா? இரண்டாவது, எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்ததா? நினைவகம் எடுத்தான், பூட்டு எடுத்தான், இன்டரப்ட் எடுத்தான். நடுவழியில் பிழை வந்தால் எடுத்த வரிசைக்கு எதிர்வரிசையில் ஒவ்வொன்றையும் விட வேண்டும். கோட்டோ என்னும் கட்டளை தீங்கானது என்று நம் பாடநூல்கள் சொல்கின்றன. டைக்ஸ்ட்ரா 1968-இல் தொடங்கிவைத்த வழக்கு அது. ஆனால் கெர்னலிலோ, பிழை வந்த இடத்திலிருந்து பூட்டுத் திறக்கும் இடத்துக்குத் தாவ அதே கோட்டோவைத்தான் வழக்கமாகக் கையாளுகிறார்கள். 2023 முதல், வட்டம் முடிந்ததும் பூட்டு தானே திறந்துகொள்ளும் முறையும் வந்திருக்கிறது. மூன்றாவது, இன்டரப்டைக் கவனிக்கும் நேரத்தில் டிரைவர் தூங்கலாகாது, நினைவகத்துக்காகக் காத்திருக்கலாகாது. நான்காவது, வேலை நடக்கும்போதே ஒருவர் கருவியைப் பிடுங்கிவிட்டால் என்ன ஆகும்?

கூர்ந்து நோக்குங்கள். இவற்றில் எதுவும் "எல்லாம் நன்றாக நடந்தால்" என்ற வழியைப் பற்றியதன்று. அந்த வழியை எழுதியவரே பலமுறை ஓட்டிப் பார்த்திருப்பார். படிப்பவர் நடக்க வேண்டியது, எழுதியவர் நடந்து பார்க்காத வழியில். அதற்குப் பேரறிவு வேண்டுவதில்லை, "இல்லாமல் போனால்?" என்ற கேள்வி போதும்.

லினக்ஸ் உலகில் இதற்கு ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு திருத்தமும் பொதுவில் வைக்கப்படுகிறது. படித்தவர்கள் கேள்வி கேட்கிறார்கள். எழுதியவர் மீண்டும் எழுதுகிறார். இரண்டாம் படி, மூன்றாம் படி என்று போவதில் எவருக்கும் வெட்கமில்லை. முடிவில் எழுதியவர் பெயரோடு "ரிவியூட்-பை" என்று படித்தவர் பெயரும் பதிகிறது. அதற்குப் பொருளும் எழுதி வைத்திருக்கிறார்கள்: "இதனை நுட்பமாக ஆராய்ந்தேன், என் ஐயங்களை எழுதியவரிடம் சொல்லிவிட்டேன், சேர்க்கத் தகாத குறை எதுவும் என் அறிவுக்கு எட்டியவரை இல்லை" என்பது அதன் கருத்து. பிழையே இராது என்று அது உறுதி கூறவில்லை. படித்தேன் என்று மட்டுமே உறுதி கூறுகிறது. அந்த உறுதியைத்தான் நான் பொய்யாகக் கொடுத்தேன்.

இது மேலைநாட்டார் கண்ட புதுமை என்று எண்ண வேண்டாம். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையிலே அதங்கோட்டாசான் முன்னிலையில் ஆராயப்பெற்று அரங்கேறியது என்பதைப் பனம்பாரனார் தம் பாயிரத்தில் பதித்து வைத்திருக்கிறார். எழுதியவர் பெயரோடு ஆராய்ந்தவர் பெயரும் இன்றளவும் நிலைத்து நிற்கிறது. அரங்கேற்றம் என்ற சொல்லையே இன்று நாம் பாராட்டு விழா என்று ஆக்கிவிட்டோம். மாலை உண்டு, பொன்னாடை உண்டு. கேள்வி மட்டும் இல்லை.

எழுதியவர் தவறுவது ஒருபுறமிருக்க, நம்பிக்கையே கெட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக் கழக ஆய்வாளர் சிலர், படிப்போர் பிழையைக் கண்டுபிடிக்கிறார்களா என்று சோதிப்பதற்காக வேண்டுமென்றே குறையுள்ள திருத்தங்களை அனுப்பினர். 2021 ஏப்ரலில் பெரும் சினம் மூண்டது. அப்பல்கலைக் கழகத்தின் திருத்தங்களே நிறுத்தி வைக்கப்பட்டன. அதன்பின் தொண்டர்கள் அங்கிருந்து முன்பு வந்த 435 திருத்தங்களை மீண்டும் ஒவ்வொன்றாகப் படித்தனர். 349 சரியாக இருந்தன. 39 திருத்த வேண்டியவையாக இருந்தன. சினம் தணிந்தபின் எஞ்சியது, பொறுமையாக உட்கார்ந்து படிக்கும் வேலைதான்.

நண்பர்கள் மூன்று மறுப்புச் சொல்லக்கூடும். "கற்றுக்குட்டிகளாகிய நாம் பிறர் எழுத்தில் குறை காண்பதா?" என்பது முதல் மறுப்பு. குறை காண வேண்டாம். கேள்வி கேட்டால் போதும். கேள்விக்கு விடை இருந்தால் நாம் கற்றோம். இல்லாவிட்டால் அவர் கற்றார். "பிழை தேடும் கருவிகள் இருக்கின்றனவே, இன்று செயற்கை அறிவும் வந்துவிட்டதே?" என்பது இரண்டாவது. அக்கருவிகளை நான் வரவேற்கிறேன், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் எந்திரம் நொடியில் நூறு வரி எழுதித் தரும் காலத்தில் எழுதுவது மலிவாயிற்று. படித்துப் பொறுப்பேற்பது அருமையாயிற்று. ஒன்பது நாள் தரவு போனபின் "ஏன்?" என்று கேட்டால் எந்திரம் தலை குனிவதில்லை. "படிப்பதற்கு எவன் வேலை கொடுப்பான்?" என்பது மூன்றாவது. கெர்னல் பராமரிப்பாளர் பட்டியலைப் பாருங்கள். அதில் மணிவண்ணன் சதாசிவம் என்ற தமிழ்ப் பெயரும் இருக்கிறது. பராமரிப்பாளரின் நாளில் பெரும்பகுதி பிறர் நிரலைப் படிப்பதிலேயே செல்கிறது. சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த சக்தி பிராசசரில் 2018-இல் லினக்ஸ் ஓடியது. நம் மண்ணில் கருவிகள் பிறக்கத் தொடங்கிவிட்டன. அவற்றின் டிரைவர்களை நாமே எழுத வேண்டும். நாமே படிக்கவும் வேண்டும்.

தீவில் வாழும் எனக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. 2020 ஆகஸ்ட் 10 அன்று, சென்னையையும் இத்தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி ஒளியிழை வடம் தொடங்கி வைக்கப்பட்டது. ஊரிலிருக்கும் அம்மாவின் முகத்தைத் திரையில் தெளிவாகக் காண்கிறேன் என்றால் அந்த வடத்தின் புண்ணியம். ஆனால் வடம் மட்டும் முகத்தைக் கொண்டுவருவதில்லை. வழியெங்கும் உள்ள கருவிகளில் யாரோ எழுதி, யாரோ படித்துப் பார்த்த டிரைவர்கள் விழித்திருக்கின்றன. அந்த "யாரோ" நன்றாகப் படித்திருப்பார் என்ற நம்பிக்கையில்தான் நாம் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே நம் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். வாரம் ஒரு மாலை, ஒரு மணி நேரம், முந்நூறு வரிக்கு மேற்படாத ஒரு டிரைவரை எடுத்துவைத்துக்கொண்டு, தமிழிலேயே பேசிக் கூடிப் படிப்போம். தாய்மொழியில் கேட்டால் கூச்சமின்றிக் கேட்கலாம். அடுத்து, நம் ஆய்வேடுகளில் நன்றியுரைக்குப் பக்கத்தில் இன்னும் அரைப் பக்கம் ஒதுக்குவோம். படித்துப் பார்த்தவர் பெயரையும், அவர் கேட்ட கேள்விகளையும் அதில் எழுதுவோம். பெயர் மட்டும் இருந்தால் போதாது. கேள்வியும் இருக்க வேண்டும். கேள்வி இல்லாத ஒப்பம் வெறும் மை.

என் நண்பன் இப்போது புதிய டிரைவர் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறான். சென்ற வாரம் கொண்டுவந்தான். மூன்று நாள் வைத்துக்கொண்டு பதினோரு கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். முகம் சற்றுச் சுருங்கிற்று. மறுநாள் காலையில் வந்து, "நாலாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லைடா" என்றான். இருவரும் உட்கார்ந்து பதில் தேடினோம். அந்த அறிக்கையில் என் பெயரை எழுத இப்போது எனக்கு அச்சமில்லை.