குறைந்தோமா, குறைக்கப்பட்டோமா?



"நம் இனம் தேய்கிறது, நம் பெண்கள் பிள்ளை பெற மறுக்கிறார்கள்" என்று மேடைக்கு மேடை ஒரு புலம்பல் ஓயாமல் கேட்கிறது. மாலை போட்டுக்கொண்டு பேசும் பெரிய மனிதர்களுக்குக் கைத்தட்டலும் கிடைக்கிறது. செக்ரோல் எழுதிப் பழகிய கிராணிக்குக் கணக்கைப் பாராமல் கைதட்ட மனம் வராது.

1957 ஜனக்கணக்கில் மலாயாவில் நூற்றுக்கு 11 பேர் இந்தியர். தலைக்கணக்கில் ஏறக்குறைய 7 லட்சம். 2020 கணக்கில் மலேசியக் குடிமக்களில் நூற்றுக்கு 6.7, தலைக்கணக்கோ சுமார் 20 லட்சம். தொகை ஏறியிருக்கிறது, பங்குதான் இறங்கியிருக்கிறது. 1963-இல் சபாவும் சரவாக்கும் சேர்ந்ததிலேயே பங்கில் ஒரு பகுதி கரைந்துவிட்டது. இதை எந்த மேடையிலாவது கேட்டதுண்டா?

பிறப்பு குறைந்தது மெய்தான். 2022-இல் ஒரு பெண்ணுக்கு இந்தியரிடையே 1.1 பிள்ளை, சீனரிடையே 0.8, மலாய்க்காரரிடையே 2.1 என்பது சர்க்கார் கணக்கு. தோட்டம் வீடமைப்புக்கு விலைபோய், லயத்தை விட்டு வாடகை அடுக்குமாடிக்குப் போன குடும்பத்தில் புருஷன் பகல் ஷிப்டு, பெண்சாதி இரவு ஷிப்டு. பிள்ளையை யார் பார்ப்பது? மேடைப் பெரியவரா வந்து தொட்டில் ஆட்டுவார்?

அவர் பேசாத சங்கதி ஒன்று உண்டு. வெள்ளைக்கார முதலாளிகள் 1950-களில் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோதே பால்வெட்டுக் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. பின்பு 1969-இல் குடியுரிமை இல்லாதவனுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்றார்கள். இந்த மண்ணில் இருபது, முப்பது வருஷம் மரம் வெட்டியவனும் காகிதம் இல்லாததால் அந்நியனானான். சுமார் 60,000 இந்தியர் நாட்டை விட்டுப் போனார்கள். நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலாக் கப்பல் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிய இதே பினாங்கு, மூட்டை முடிச்சுகளோடு திரும்பியவர்களையும் பார்த்தது. எந்தப் பெண் பிள்ளை பெறாததால் அவர்கள் கணக்கிலிருந்து போனார்கள்?

ஆட்களை அனுப்பினார்களே, வேலையை அனுப்பினார்களா? மரமும் இருந்தது, செம்பனையும் வந்தது. கூலியை உயர்த்த மனமில்லாத முதலாளி இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆள் இறக்கினான். 2020-இல் இந்நாட்டில் குடிமக்கள் அல்லாதோர் சுமார் 27 லட்சம். மலேசிய இந்தியரைவிட அதிகம்!

இந்த இடத்தில் நம் தோழர்களில் சிலர் தடம் மாறுகிறார்கள். "வங்காளி வந்து நம் சோற்றைப் பறித்தான்" என்கிறார்கள். ஏஜெண்டுக்குக் கடன்பட்டு, பாஸ்போர்ட்டை முதலாளியிடம் பறிகொடுத்து நிற்பவன் எவன் சோற்றைப் பறிப்பான்? நம் பாட்டன் கங்காணியிடம் கடன்பட்டு வந்தானே, அதே கதைதான். அவனைச் சங்கத்தில் சேர்க்கச் சட்டம் தடை சொல்லவில்லை. நம் வாய்தான் தடை சொல்கிறது. அவன் கூலி தாழ்ந்து கிடக்கும் வரை நம் கூலியும் எழாது.

இன்றும் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். சிவப்பு அடையாளக் கார்டோடு நரைத்துப்போன கிழவர்களும் இருக்கிறார்கள். பிறக்காத பிள்ளைக்கு அழுவோர் பிறந்த பிள்ளைக்குப் பத்திரம் வாங்கித் தரட்டும். கிராணிமார்களே, பேனா நம் கையில்தான் இருக்கிறது. தோட்டந்தோறும் பத்திரம் இல்லாதவர்களின் பட்டியல் எழுதுங்கள். தாமதப் பதிவு மனுவோடு பதிவிலாகா வாசல்வரை கூடவே போங்கள். பட்டியலின் ஒரு நகலைச் சங்கக் கிளைக்கும் அனுப்புங்கள்.