கடன் வாங்கிய சுறுசுறுப்பு

சத்துவாச்சாரி நெடுஞ்சாலை ஓரம் நின்று பாருங்கள், தோழர்களே! ஒரு பக்கம் இராணிப்பேட்டை, மறுபக்கம் ஆம்பூர், வாணியம்பாடி. தோல் வேலைக்குப் போகிறவர்களும் லாரி ஓட்டிகளும் இரவு பகல் பாராது விரைகிறார்கள். கண் விழிப்பதே பிழைப்பாகிப் போனவர்கள்! “இதைக் கொஞ்சம் போடு, இரண்டு ஷிப்டு பார்த்தாலும் தூக்கம் வராது” என்று எவனாவது இவர்கள் காதில் ஓதினால்? சென்னையில் மெத்தபெட்டமைன் பிடிபட்டதாக அடிக்கடி செய்தி வருகிறதே, அந்தச் சரக்கு நம்மூருக்கு வர எத்தனை நேரமாகும்?

அது செய்வது என்ன? மூளை நரம்பின் நுனியில் டோபமைன் என்ற இரசாயனம் சிறு சிறு பைகளில் சேமிக்கப்பட்டிருக்கிறது. பசித்தவன் உண்டால், உழைத்தவன் கூலி பெற்றால், அது கொஞ்சம் கசியும். பிறகு நரம்பே அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். மெத்தபெட்டமைன் அந்த இழுக்கும் வாசல் வழியாகவே உள்ளே புகுகிறது. பைகளைக் காலி செய்கிறது. உள்ளே இழுக்கும் வாசலை வெளியே தள்ளும் வாசலாக மாற்றிவிடுகிறது. கிடங்கே திறந்துவிடப்பட்டது! அதுதான் அந்தச் சுறுசுறுப்பு. துளி பலமும் புதிதாக வரவில்லை. களைப்பு போகவில்லை, களைப்பைச் சொல்லும் வாய்தான் அடைபட்டது. மறுநாள் கிடங்கு வெறுமை, சோர்வு, எரிச்சல். நாள்பட்டால், யாரோ துரத்துகிறார்கள் என்ற பிரமை!

இந்த மருந்தால் ஆதாயம் கண்டவர் யார்? 1893-இல் ஜப்பானில் நாகாய் நாகயோஷி இதை உருவாக்கினார். 1940-இல் இட்லரின் படைக்கு ஏப்ரல் முதல் ஜூலைக்குள் மூன்றரைக் கோடி மாத்திரைகள் போயின. ஜப்பானில் ‘பிலோபான்’ என்ற பெயரில் 1941-இல் கடைக்கு வந்தது. போர்த் தளவாடத் தொழிலாளருக்கும் அதுவே ஊட்டப்பட்டது. கூலியை உயர்த்தவில்லை, ஓய்வு தரவில்லை, மாத்திரை தந்தார்கள்! போர் முடிந்தும் பழக்கம் முடியவில்லை. 1951-இல் தனிச் சட்டமே போட நேர்ந்தது.

சிக்கியவன் தொலைந்தவனா? இல்லை. ஓராண்டுக்கு மேல் விலகியிருந்தவர்களின் மூளையில், சிதைந்த அந்த வாசல்கள் ஓரளவு மீண்டதை ஆய்வாளர் படம்பிடித்துக் கண்டிருக்கிறார்கள். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலேயே 64-ஏ என்றொரு பிரிவு உண்டு. பழக்கத்துக்கு ஆளானவன் தானே முன்வந்து, அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற நிலையத்திலோ சிகிச்சை பெற்றால், உட்கொண்டதற்கும் சிறு அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து விலக்கு. பாதியில் ஓடிவிட்டால் விலக்கு பறிபோகலாம். விற்பவனுக்கு இந்தச் சலுகை கிடையாது. லாக்கப்புக்குப் பயந்து மகனை வீட்டில் ஒளித்து வைத்திருக்கும் தகப்பனுக்கு இதை யார் சொன்னார்கள்? 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணோடு சேர்த்து, இன்றே சங்கப் பலகையில் எழுதிப் போடுங்கள்.