உங்கள் மேசை உங்களைப் போல இருக்கட்டும்

வீட்டு அலுவலகப் படங்களைக் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சுவர், வெள்ளை மேசை, ஒரு மடிக்கணினி, பக்கத்தில் சின்னதாய் ஒரு செடி. பார்க்க அழகுதான். ஆனால், பண்டார் தெங்காராவில் ஒரு வரிசை வீட்டில் அப்பா, அம்மா, பிள்ளைகள், சாமி மேடை, தையல் இயந்திரம் எல்லாம் இருக்கும்போது அந்த வெள்ளைச் சுவருக்கு எங்கே போவது? அப்படியே கிடைத்தாலும் அது நம் குணத்திற்குப் பொருந்துமா?

இது வெறும் அலங்காரப் பேச்சு அல்ல. நம் ஊரைச் சுற்றிலும் செம்பனை. கணினி சார்ந்த வேலைகள் பெரும்பாலும் கூலாய், ஜொகூர் பாரு பக்கம். போய்வருவதிலேயே நாளின் பெரும் பகுதி கரைந்துவிடும். இல்லையென்றால் வாடகை அறை எடுத்துத் தங்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்ய முடிந்தால், ஊரையும் பெற்றோரையும் விட்டுப் போகாமலே பிழைக்கலாம் என்று நினைக்கும் இளையோர் இங்கே பலர்.

அதற்குச் சட்டத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலை வாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியாவில் நடப்புக்கு வந்தது. வேலை நேரம், வேலை நாள், வேலை இடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கேட்டால் கிடைத்தே தீரும் என்று இதற்குப் பொருள் இல்லை. "வீட்டில் வேலை செய்ய உங்களுக்கு இடம் இருக்கிறதா?" என்று மேலாளர் கேட்டால், தயங்காமல் பதில் சொல்ல நம்மிடம் ஒரு மூலையாவது தயாராக இருக்க வேண்டும்.

எந்த மூலை என்பதை உங்கள் குணம்தான் சொல்ல வேண்டும். எழுத்தாளர்களையே பாருங்கள். அசோகமித்திரன் சென்னை தியாகராய நகரின் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர். அமெரிக்க எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ விடுதி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, சுவரில் இருந்த படங்களையும் அகற்றச் சொல்லிவிட்டு எழுதினார். ஹெமிங்வே கியூபா வீட்டில் நின்றுகொண்டே எழுதினார். மூவருக்கும் ஒரே தொழில்; ஆனால் ஒருவரின் இடம் இன்னொருவருக்கு ஒத்துவந்திருக்காது.

முதலில் உங்கள் காதைக் கேளுங்கள். பிரிட்டனில் ஏட்ரியன் ஃபர்ன்ஹம், ஆனா பிராட்லி இருவரும் 1997-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாப் இசை ஓடும்போது படித்துப் புரிந்துகொள்ளும் சோதனையில், கலகலப்பானவர்களைவிடத் தனிமையை விரும்புகிறவர்கள் அதிகம் தடுமாறினார்கள். ஆகவே பக்கத்தில் வானொலி பாடினால்தான் கை ஓடும் என்கிறவருக்கு ஹாலின் ஓரம் போதும். சின்னச் சத்தத்திலும் எண்ணம் கலைகிறவர் படுக்கையறையில் இரண்டடி மேசை போட்டுக்கொள்வது நல்லது. பின்னால் இழுத்துக் கட்டிய அடுப்படியை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். தகரக் கூரையில் மழை விழுந்தால் எதிர்முனையில் இருப்பவருக்கு நீங்கள் பேசுவதே கேட்காது.

அடுத்தது கண். சிலருக்குக் கண்ணில் படாத வேலை மறந்தே போகும். அவர்கள் கோப்புகளைத் திறந்த தட்டில் வைக்கட்டும், சுவரில் ஒரு பலகை மாட்டி எழுதிப் போடட்டும். வேறு சிலருக்குக் கண்ணில் படும் ஒவ்வொரு தாளும் ஒரு நச்சரிப்பு. அவர்களுக்கு மூடியுள்ள பெட்டிதான் சரி. இரண்டாவது வகையினர் முதல் வகையினரைச் சோம்பேறி என்று சொல்லத் தேவையில்லை. வேலை ஓடுகிறதா என்பதுதான் கணக்கு.

உடம்பையும் மறக்காதீர்கள். நடந்துகொண்டே பேசினால்தான் யோசனை வரும் என்றால் மேசைக்குப் பக்கத்தில் நாலடி நடக்க இடம் விடுங்கள். எந்தக் குணமானாலும், திரையின் மேல் விளிம்பு கண் உயரத்தில், ஒரு கை தூரத்தில் இருக்கட்டும். மடிக்கணினிக்கு அடியில் நாலு பழைய புத்தகங்கள், தனியாக ஒரு விசைப்பலகை, அவ்வளவுதான் செலவு. சன்னல் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால் திரையில் வெளிச்சம் அடிக்காது. மேற்குச் சுவரை ஒட்டிய இடம் பிற்பகலில் கொதிக்கும். காலையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

நாள் முழுக்க அழைப்புகளில் பேசுகிற வேலையா? ஒலிபரப்புக்காரர்களின் ஒரு பழைய வித்தை உதவும். வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் குரலைத் திருப்பி அடிக்கும்; துணி அதை உள்வாங்கிக்கொள்ளும். துணி அலமாரியைத் திறந்துவைத்து அதைப் பார்த்து உட்கார்ந்து பேசிப் பாருங்கள். பக்கத்தில் தடித்த திரைச்சீலையும் கீழே ஒரு பாயும் இருந்தால் எதிரொலி நன்றாகவே குறையும்.

இத்தனையும் செய்தாலும், வீட்டில் இருப்பவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த மூலை நிலைக்காது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது சாப்பாட்டு மேசைகள் ஒரே நாளில் அலுவலகமாயின. அன்று நாடே வீட்டில் இருந்ததால் எல்லாருக்கும் புரிந்தது. இன்று மருமகள் கணினி முன் உட்கார்ந்திருந்தால், "வீட்டில்தானே இருக்கிறாய், கொஞ்சம் அடுப்பைப் பாரும்மா" என்று அத்தை கூப்பிடுவது இயல்பு. அவர் மேல் குற்றமில்லை, நாம்தான் சொல்லவில்லை. "அத்தை, ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை கூட்டம். நாற்காலியில் சிவப்புத் துண்டு போட்டிருந்தால் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று முன்கூட்டியே சொன்னால், கதவே இல்லாத ஹாலிலும் அந்தத் துண்டு கதவாகிவிடும். மகனுக்கு மட்டும் அறை, மகளுக்கோ மருமகளுக்கோ அடுப்படி மேசை என்று கேள்வி கேட்காமலே முடிவாகிற வீடுகளும் உண்டு. யாருக்கு எத்தனை மணி நேரம் அமைதி வேண்டும் என்பதை வைத்து அறையைப் பிரித்தால் அந்த மனக்கசப்பும் வராது.

இந்த ஞாயிற்றுக்கிழமை எந்தப் பொருளையும் வாங்க வேண்டாம். ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: எந்தச் சத்தம் என்னைக் கலைக்கிறது, எதைப் பார்த்தால் எனக்கு வேலை ஓடுகிறது, எந்த நேரத்தில் என் மூளை விழித்திருக்கிறது. அந்தத் தாளை வீட்டாரோடு உட்கார்ந்து படியுங்கள். இருக்கிற நாற்காலியையும் மேசையையும் அதன்படி நகர்த்தி, இரண்டு வாரம் வேலை செய்து பாருங்கள். சரிப்பட்டு வந்தால், முதலாளிக்கு அந்த விண்ணப்பத்தை எழுதுங்கள்.